ஜப்பானியப் பச்சைத் தேயிலை: சரக்கை அறிவோம், சுவைத்தும் பார்ப்போம்

மளிகைக் கடைகளில் இப்போது 'கிரீன் டீ' கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஜப்பான் டீ இருக்கிறதா, மாச்சா இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நம்மில் பலர் நாலைந்து டப்பாக்களை வரவழைத்து அலமாரியில் வைத்து, அதைப் பற்றி ஒன்றும் தெரியாமலே விற்று வருகிறோம். எங்கள் கடையிலும் அப்படித்தான் விற்றோம். வாங்கிப் போன பெரியவர் ஒருவர் நான்கே நாளில் டப்பாவுடன் திரும்பி வந்தார். கஷாயம் மாதிரி கசக்கிறது, பழைய சரக்கைத் தள்ளிவிட்டீர்கள் என்று மிகவும் வருத்தப்பட்டார். விசாரித்ததில், கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அடுப்பிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். சரக்கில் குறை இல்லை. அதன் பக்குவத்தைச் சொல்லி விற்கத் தெரியாத எங்களிடம்தான் குறை. விலை கூடிய சரக்கு ஒன்று இப்படித் திரும்பி வந்தால் பத்துப் பொட்டல லாபம் போய்விடும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே இந்தத் தேயிலையைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தேயிலைக்குத் தனிச் செடி கிடையாது. நாம் அன்றாடம் விற்கும் டீத்தூளும் அதுவும் ஒரே செடியின் கொழுந்துதான். டீத்தூளுக்குக் கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப் பட வைத்து நிறம் மாற விடுகிறார்கள். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே மாற்றம். பச்சைத் தேயிலையில் இந்த மாற்றம் தொடங்குமுன்பே கொழுந்தைச் சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். சீனர்கள் பெரும்பாலும் வாணலியில் வறுத்து நிறுத்துவார்கள். ஜப்பானியர்கள் நீராவியில் அவிக்கிறார்கள். ஜப்பான் தேயிலையின் பசும்புல் வாசனைக்கும் கரும்பச்சை நிறத்துக்கும் இந்த ஆவிதான் காரணம். சாதாரணமாக அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் வரை ஆவி காட்டி, பிறகு சூடேற்றியபடியே பலமுறை உருட்டி உலர்த்தி, ஊசி போன்ற இலையாக எடுக்கிறார்கள்.

ஜப்பானுக்குத் தேயிலை போனது சீனத்திலிருந்து. ஐசாய் என்ற பௌத்தத் துறவி 1191-இல் சீனத்திலிருந்து திரும்பும்போது விதைகளைக் கொண்டுவந்தார். 1211-இல் தேநீரால் உடலுக்கு ஆகும் நன்மை பற்றி ஒரு நூலும் எழுதினார். நெடுங்காலம் வரை மடங்களிலும் பிரபுக்கள் வீட்டிலும் பொடித் தேயிலைதான் பெரிதாகப் போற்றப்பட்டது. இன்று நாம் காணும் ஊசி இலைத் தேயிலையான சென்ச்சாவின் செய்முறை 1738-இல் உருவானது. கியோட்டோவுக்கு அருகே உஜிதவாரா என்ற ஊரில் நகதானி சோயென் என்பவர், இளங்கொழுந்தை ஆவியில் அவித்து, சூடான மேடையில் கையால் உருட்டி உலர்த்தும் முறையைக் கண்டார். நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்ததுதான். அவர் அந்தச் சரக்கைத் தலைநகர் எதோவுக்கு (இன்றைய டோக்கியோ) எடுத்துப் போனார். யமமோட்டோ கஹெய் என்ற வியாபாரி சுவைத்துப் பார்த்து வாங்கி விற்றார். சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. அந்த நன்றிக்காக யமமோட்டோ குடும்பத்தார் ஆண்டுதோறும் 25 பொற்காசுகளை நகதானி குடும்பத்துக்கு அனுப்பி வந்தார்கள் என்றும், பல தலைமுறைகளுக்கு இது நீடித்தது என்றும் சொல்வார்கள். 1690-இல் தொடங்கிய அந்தக் கடை யமமோட்டோயமா என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

இனி வகைகள். பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். அரிசியில் பொன்னியும் சீரகச் சம்பாவும் பிரித்துச் சொல்கிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

சென்ச்சா என்பதுதான் அவர்களுடைய அன்றாடத் தேயிலை. வெயிலில் வளர்ந்த கொழுந்து. இளம் இனிப்பும் துவர்ப்பும் கலந்திருக்கும். இதிலேயே ஆவி ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை கூடுதலாகக் காட்டியதை ஃபுகமுஷி என்கிறார்கள். இலை நொறுங்கித் தூள் தூளாக இருக்கும், வடித்தால் நீர் கலங்கலாகக் கரும்பச்சையில் வரும். இதைப் பார்த்து 'நொறுங்கிய சரக்கு, கலங்கல்' என்று தள்ளிவிடக் கூடாது. அதன் இயல்பே அது.

கியோகுரோ என்பது நிழலில் வளர்த்தது. பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பே தோட்டத்தின் மேல் பந்தல் போட்டு மூடிவிடுகிறார்கள். இலையில் தியானின் என்று ஒரு சத்து இருக்கிறது. இனிப்பும் ஒருவகைக் குழைவும் தருவது அதுதான். வெயில் பட்டால் அது துவர்ப்புச் சத்தாக மாறிவிடும். நிழலில் அந்த மாற்றம் குறைகிறது. ஆகவே கியோகுரோவில் துவர்ப்புக் குறைவு, சுவை அடர்த்தி. பந்தல் செலவும் ஆள் கூலியும் சேர்வதால் விலையும் உச்சம். ஒரு வாரம் பத்து நாள் மட்டும் மூடி வளர்த்தால் அது கபுசேச்சா. விலையிலும் சுவையிலும் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

மாச்சாவும் நிழலில் வளர்த்த இலையிலிருந்தே வருகிறது. ஆனால் உருட்டுவதில்லை. அவித்து அப்படியே உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிய இலைக்குத் தென்ச்சா என்று பெயர். அதைக் கல் எந்திரத்தில் அரைத்தால்தான் மாச்சா. ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், மலிவு விலையில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும் பச்சைப் பொடி எதுவாக இருக்கும் என்று நாமே ஊகித்துவிடலாம். சாதாரண சென்ச்சாவைப் பொடித்ததும் விற்பனையில் உண்டு. அது தனிச் சரக்கு, கெட்ட சரக்கு அல்ல. அதை மாச்சா என்று சொல்லி மாச்சா விலைக்கு விற்பதுதான் தவறு.

பன்ச்சா என்பது முற்றிய இலை, பிந்திய பறிப்பு. விலை குறைவு, குடிக்க லேசு. அதை வறுத்தால் ஹோஜிச்சா. பழுப்பு நிறம், கசப்பே இருக்காது. பச்சைத் தேயிலையில் வறுத்த அரிசியை ஏறக்குறைய சரிபாதி கலந்தால் கென்மாய்ச்சா. பொரியரிசி வாசனை நமக்குப் புதிதல்ல, ஆகையால் முதன்முதலாக வாங்குகிறவருக்கு இந்த இரண்டையும்தான் எங்கள் கடையில் கையில் எடுத்துக் கொடுக்கிறோம். கொதிநீர் ஊற்றினாலும் கெடாது, கைத்தவறு தாங்கும். காம்புகளை மட்டும் திரட்டியது குகிச்சா. இலையைச் சலித்துச் சுத்தம் செய்யும்போது விழும் தூள் கோனாச்சா. அந்நாட்டுச் சுஷி கடைகளில் சாப்பாட்டுடன் கொடுப்பது இதுதான். டஸ்ட் டீயையே பெரும்பாலும் விற்று வாழ்கிற நாம் தூள் என்றால் முகம் சுளிக்க மாட்டோம். நல்ல இலையிலிருந்து விழுந்த தூள் நல்ல சுவையாகவே இருக்கும்.

பறிப்புக் காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பறிப்பு தெற்கே ஏப்ரலில் தொடங்கி மே வரை நடக்கும். அவர்கள் கணக்கில் வசந்தம் பிறந்து 88-ஆம் நாள், அதாவது மே 2 வாக்கில் பறித்த கொழுந்துக்குத் தனி மதிப்பு. குளிர்காலம் முழுவதும் செடி சேர்த்து வைத்த சத்து அதில் இருப்பதால் இனிப்பு அதிகம். புத்தம் புதிதாக வருவதை ஷின்ச்சா என்பார்கள். கோடையில் எடுக்கும் இரண்டாம் பறிப்பில் துவர்ப்புக் கூடும், விலை இறங்கும். பொட்டலத்தில் முதல் பறிப்பா, இரண்டாம் பறிப்பா என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஊர்ப் பெயர்களில் ஷிசுவோகாதான் நெடுங்காலம் முதலிடம். 2024-இல் முதல்நிலைத் தேயிலை உற்பத்தியில் தெற்கே உள்ள ககோஷிமா அதை முதன்முறையாக முந்தியது. சமதளத் தோட்டங்களும் எந்திரப் பறிப்பும் ககோஷிமாவுக்குக் கைகொடுத்தன. ஷிசுவோகாவில் மலைச்சரிவில் பறித்துவந்த முதியவர்கள் ஓய்ந்து வருகிறார்கள். கியோகுரோவுக்கு ஃபுகுவோகா மாநிலத்து யாமேயும், மாச்சாவுக்கு உஜியும் பேர் பெற்றவை. உஜித் தேயிலை என்று போட்டிருந்தால் முழுவதும் உஜி ஊரில் விளைந்தது என்று எண்ண வேண்டாம். கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாநில இலையைக் கலந்து கியோட்டோ வியாபாரிகள் அங்கே பக்குவப்படுத்தியதை அப்படி அழைக்கலாம் என்பது அங்குள்ள வணிகர் சங்கத்தார் வகுத்த விதி.

அங்கே வியாபாரம் நடக்கும் விதமும் நமக்கு ஆர்வம் தரக்கூடியது. விவசாயி தருவது ஓரளவு உலர்ந்த முதல்நிலைத் தேயிலை. மொத்த வியாபாரி அதை வாங்கிச் சலித்து, மறுபடி சூடேற்றி, பல தோட்டத்துச் சரக்கைக் கலந்து, தன் கடைக்கென்று ஒரு சுவையை ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் கொண்டுவருவார். அவருடைய தொழில் நுட்பமே இந்தக் கலவையில்தான். ஷிசுவோகாவில் 1956-இல் அமைந்த தேயிலைச் சந்தையில் விற்பவர், வாங்குபவர், இடையில் சந்தைக்காரர் என மூவரும் நின்று விலை பேசுவார்கள். படிந்ததும் மூவரும் சேர்ந்து மூன்று முறை கை தட்டுவார்கள். அத்துடன் பேரம் முடிந்தது.

வாங்குமுன் அவர்கள் சோதிக்கும் முறையை நாமும் கடையில் செய்யலாம். உலர்ந்த இலையைக் கறுப்புத் தட்டில் பரப்பி நிறம், பளபளப்பு, காம்பு, தூள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் 3 கிராம் இலை போட்டு, நன்கு கொதித்த நீரை ஊற்றுவார்கள். குடிப்பதற்கு ஆகாத சூடுதான் சோதனைக்கு ஏற்றது, ஏனெனில் குறை இருந்தால் கொதிநீரில் ஒளியாது. வலைக்கரண்டியால் இலையை அள்ளி மூக்கருகே பிடித்தால் பழைய வாடை, புகை வாடை, ஈர வாடை எல்லாம் உடனே தெரிந்துவிடும். இரண்டு சரக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை இப்படிப் பார்த்தால், பத்துப் பக்கம் படிப்பதைவிட அதிகம் புரியும். மாச்சாவுக்கு வெள்ளைத் தாளில் சிட்டிகை பொடியை விரலால் இழுத்துப் பாருங்கள். நல்லது பளிச்சென்ற பச்சை, மாவினும் மென்மை. மஞ்சளோ பழுப்போ அடித்தால் பழையது, அல்லது மாச்சாவே அல்ல.

குடிக்கும் பக்குவத்துக்கு வருவோம். எல்லாச் சங்கடமும் இங்கேதான். இனிப்புத் தரும் தியானின் இளஞ்சூட்டு நீரிலேயே இறங்கிவிடும். துவர்ப்புச் சத்தும் காஃபீனும் சூடு ஏற ஏறத்தான் அதிகம் இறங்கும். ஆகவே நல்ல சென்ச்சாவில் கொதிநீரை ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய இனிப்பைக் கசப்பு மூடிவிடுகிறது. வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் சுமார் 10 டிகிரி இறங்கும். டீ ஆற்றத் தெரிந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு மூன்று முறை ஆற்றினால் 70 முதல் 80 டிகிரி வந்துவிடும். சென்ச்சாவுக்கு அதுதான் அளவு. இரண்டு பேருக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 4 கிராம் இலை, 150 முதல் 200 மில்லி நீர். ஊற்றி மூடி ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கலக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. ஃபுகமுஷியானால் அரை நிமிடம் போதும்.

பிறகு இரண்டு குவளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும்; அப்போதுதான் ஒன்று நீர்க்கவும் மற்றது கடுக்கவும் ஆகாது. கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். கெட்டிலில் நீர் தேங்கினால் இரண்டாம் தடவை கசக்கும். ஒரே இலையில் இரண்டு, மூன்று தடவை வடிக்கலாம் என்பதை வாடிக்கையாளரிடம் அவசியம் சொல்லுங்கள். இரண்டாம் தடவை இன்னும் சற்றுச் சூடான நீர், காத்திருப்பு மிகக் குறைவு. டப்பா விலையைக் கேட்டு மலைப்பவர், ஒரு குவளைக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் பார்த்தால் சமாதானம் ஆவார்.

கியோகுரோ குடிப்பது விருந்துப் பலகாரம் சாப்பிடுவது போல. மூன்று பேருக்கு 10 கிராம் இலை, நீரோ வெறும் 60 மில்லி, சூடு 50 டிகிரி, இரண்டரை நிமிடம். ஆளுக்கு ஒரு வாய்தான் வரும். நாங்கள் முதன்முறை குடித்தபோது இது தேநீரா, காய்கறிச் சாறா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் முறைதான் பிடிபட்டது. இதில் காஃபீன் மிக அதிகம். ஜப்பானிய உணவுச்சத்து அட்டவணைப்படி 100 மில்லி கியோகுரோ வடிநீரில் சுமார் 160 மில்லிகிராம், சென்ச்சாவில் சுமார் 20. 'கிரீன் டீதானே' என்று இரவில் குடித்தால் தூக்கம் போய்விடும். பன்ச்சா, ஹோஜிச்சா, கென்மாய்ச்சாவுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. 15 கிராமுக்கு 650 மில்லி கொதிநீர், அரை நிமிடம், ஐந்து பேர் தாராளமாகக் குடிக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் எந்த உயர்ந்த இலையும் வாசனை தராது, நிறமும் மங்கும். குடிநீர்க் கேனோ வடிகட்டிய நீரோ நல்லது. கோடையில் இன்னும் சுலபமான வழி உண்டு. ஒரு லிட்டர் குளிர்நீரில் 10 முதல் 15 கிராம் சென்ச்சாவைப் போட்டுக் குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்து வடித்தால் கசப்பே இல்லாத இனிப்பு நீர் கிடைக்கும். கடை வாசலில் சிறு குவளையில் கொடுத்துப் பாருங்கள்.

இத்தனை பக்குவமான சரக்கிலும் கலப்படம் புகுந்த காலம் உண்டு. வணிகர் சங்கத்தார் அறிய வேண்டிய வரலாறு அது. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும் பட்டு நூலுக்கு அடுத்த ஏற்றுமதிச் சரக்கு தேயிலைதான், பெருவாரியாக அமெரிக்காவுக்கு. தேவை பெருகவே ஈர இலை, வேற்றிலை கலந்த சரக்கு வரத் தொடங்கியது. துறைமுகக் கிடங்குகளில் மறுபடி வறுக்கும்போது, பச்சை தூக்கலாகத் தெரிவதற்காக நீலச்சாயமும் ஜிப்சமும் தூவினார்கள். பொறுத்துப் பார்த்த அமெரிக்கா 1883-இல் கலப்படத் தேயிலை இறக்குமதியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜப்பானியத் தேயிலைத் தொழிலே ஆட்டம் கண்டது. மறு ஆண்டே, 1884-இல், அரசு விதி வகுத்து ஊர்தோறும் தேயிலைத் தொழிலோர் சங்கங்களை அமைக்கச் செய்தது. விவசாயியும் வியாபாரியும் அதில் சேர வேண்டும், கலப்படம் செய்தால் நடவடிக்கை, சரக்குக்குப் பரிசோதனை. ஆனாலும் சாயம் ஒரேயடியாக நிற்கவில்லை. 1911-இல் அமெரிக்கா சாயமேற்றிய தேயிலையை அறவே தடை செய்த பிறகே ஓய்ந்தது. அதற்குள் இந்திய, இலங்கைக் கறுப்புத் தேயிலை அந்தச் சந்தையில் பெரும் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒருசிலர் சாயத்தில் பார்த்த லாபம், எல்லோருடைய சந்தையையும் கொண்டு போனது.

அதே ஏற்றுமதியில் நல்ல பேர் எடுத்தவர்களும் உண்டு. நாகசாகியைச் சேர்ந்த ஓஊரா கெய் என்ற பெண் வணிகர், 1853-இல் டச்சு வியாபாரி ஒருவர் மூலம் உரேஷினோ தேயிலை மாதிரியை வெளிநாடுகளுக்கு அனுப்பினார். சில ஆண்டு கழித்து ஆங்கிலேய வணிகர் ஒருவரிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. உரேஷினோ சரக்கு போதாமல் கியூஷூ தீவு முழுவதும் சுற்றி இலை திரட்டினார். இவ்வளவு கெட்டிக்காரரும் 1871-இல் ஒரு புகையிலை வியாபாரத்தில் இன்னொருவருக்குப் பிணை நின்று ஏமாந்தார். அந்தக் கடனைப் பல ஆண்டுகள் அடைக்க வேண்டியதாயிற்று. பிணைக் கையெழுத்தின் கதை எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

இப்போதைய நிலைக்கு வந்தால், அந்நாட்டிலேயே கெட்டிலில் இலை போட்டு வடிப்பது குறைந்து வருகிறது. 1985-இல் டப்பாவிலும் 1990-இல் பாட்டிலிலும் தயார்நிலைப் பச்சைத் தேநீர் வந்தபின், மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டுத் தேவை ஏறுமுகம். 2024-இல் பச்சைத் தேயிலை ஏற்றுமதி 3,600 கோடி யென்னைத் தாண்டியது. அதற்குப் பெரும் காரணம் மாச்சா. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று அளவு வைத்தன. தோட்டக்காரர்கள் பலர் சென்ச்சாவை விட்டுத் தென்ச்சாவுக்கு மாறவே, 2025-இல் சாதாரண இலையும் விலை ஏறியது. ஆகவே 'மலிவாக மாச்சா கிடைக்கிறது' என்று யாராவது மாதிரி கொண்டுவந்தால் இருமுறை யோசியுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி இல்லாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். உடல் இளைக்கும், சர்க்கரை நோய் போகும் என்று பலகை எழுதி வைப்பதும் வேண்டாம். அது சட்டப்படியும் வம்பு.

கடைசியாக, இருப்பு வைக்கும் முறை. வெளிச்சம், சூடு, ஈரம், காற்று, வேற்று வாசனை ஆகிய ஐந்தும் இதற்குப் பகை. நம் கடைகளிலோ ஊதுபத்தி, கற்பூரம், பெருங்காயம், சோப்பு எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். தேயிலை இவற்றின் வாசனையை இழுத்துக்கொள்வதில் பஞ்சை மிஞ்சும். கண்ணாடி ஜாடியில் அழகுக்கு வைப்பதும் தவறு. வெளிச்சம் பட்டுச் சில நாளிலேயே நிறம் போய்விடும். நைட்ரஜன் நிரப்பிய பையைப் பிரிக்காமல், இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்து அப்படியே விற்பதுதான் சரி. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வேலை இதில் ஆகாது. 50 கிராம், 100 கிராம் சிறு பொட்டலமாகவே வாங்குங்கள். குளிர்பெட்டியில் வைத்த பையை எடுத்தவுடன் பிரித்தால் உள்ளே வியர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். பிரித்ததை ஒரு மாதத்துக்குள்ளும், மாச்சாவானால் இன்னும் விரைவாகவும் முடித்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்து, மாதிரிக்குப் பிரித்த சென்ச்சா வாசனை குறைந்து மீந்துவிட்டால் குப்பையில் கொட்டாதீர்கள். எண்ணெய் படாத வாணலியில், சிறு தீயில், பழுப்பு நிறம் வரும்வரை கிளறி வறுத்தால் அது ஹோஜிச்சா ஆகிவிடும். பூஞ்சை பிடித்த, காலாவதியான சரக்குக்கு இது பொருந்தாது. ஜப்பானில் தேயிலைக் கடைக்காரர்கள் சிலர் இதற்கென்று சிறு எந்திரத்தைக் கடை வாசலிலேயே வைத்து வறுக்கிறார்கள். வறுபடும் வாசனை தெருக்கோடி வரை போகும். விளம்பரப் பலகை பார்க்காதவரும் அந்த வாசனைக்குத் திரும்பிப் பார்த்து உள்ளே வருவார்.